இரண்டு மணி நேர அவதி

கொடைக்கானலில் முப்பது வருடம் நிருபராக இருந்தவர் சௌந்தரபாண்டி. தான் எழுதாவிட்டால் மலையில் பனிகூட இறங்காது என்ற நினைப்பு அவருக்கு. தன் பழைய செய்திகளில் வரும் ஒரு வார்த்தையை ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும் தலைகால் புரியவில்லை.

"எந்த வார்த்தைம்மா உன் ஆராய்ச்சி?"

"அவதிங்க சார்," என்றாள் வளர்மதி, செய்தி நறுக்குகளைப் புரட்டியபடி. "பனியால அவதி, ரூம் கிடைக்காம அவதி, படகுக்கு வரிசையில நின்னு அவதி. எல்லாமே டூரிஸ்டுங்கதான். மலைச்சனம் ஒருத்தர்கூட அவதிப்படலையே?"

"அவுங்க அவதிப்பட்டா எவன் பேப்பர் வாங்குவான்?"

அவள் ஒரு நறுக்கை நீட்டினாள். 'பெருமாள்மலை அருகே மலைவாழ் மக்கள் திடீர் மறியல். சுற்றுலாப் பயணிகள் இரண்டு மணி நேரம் அவதி.'

"என்ன கோரிக்கைங்க சார்?"

"யாருக்குத் தெரியும்? காட்டு ஆளுக, சோலியத்துப் போயி நிப்பாங்க. பொம்பளைங்க நடுரோட்டுல சேலையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் ஜீப்பை விட்டு எறங்கவே இல்ல. உக்காந்த எடத்துலயே எழுதிட்டேன்!"

வளர்மதி நறுக்கை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோரிக்கை எதுவும் இல்லிங்க சார். ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கிட்டு வந்த எங்கம்மாவுக்கு ரோட்டுலயே வலி முத்திருச்சு. அதுக்குத்தான் சேலை மறைப்பு. ரெண்டு மணி நேரம் உங்க டூரிஸ்டுகளை அவதிப்பட வச்சது நான்தான். பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கங்க, அப்பத்தான் பொறந்துக்கிட்டு இருந்தேன்."