நின்ற பிறகும் ஓடியது

இலை போட்டிருந்தது. எதிரில் ஆள் இல்லை, படமும் இல்லை. சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஒரு நாசி லெமாக் பொட்டலம், ரொட்டி சானாய், சீனர் கடையில் வாங்கிய பாவ். முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சதாசிவம் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார். “யாருக்கும்மா படையல்?”

“பேரு தெரியாது சார்,” என்றாள் துளசி. “என்ன புடிக்கும்னும் தெரியாது. அதான் எல்லாத்துலயும் ஒன்னு.”

அவர் மேலே கேட்கவில்லை. பத்து காஜா ஊருக்கு அப்பால், ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய வீடுகள் இவை. தோட்டம் போய்விட்டது, தோட்டத்து முனி போகவில்லை என்று இங்கே பலர் இன்னும் நம்பினார்கள்.

அவர் வந்தது வேறு வேலைக்கு. வீட்டுக்குள்ளேயே சைக்கிளை ஒரு எந்திரத்தில் பூட்டி மிதித்து, திரையில் மற்றவர்களோடு மோதும் இணையப் போட்டி அது. யாரும் யாரையும் நேரில் பார்ப்பதில்லை. அதனால் ஏமாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பாளர் தேவைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று. பேராக் மாநிலப் பெண்கள் அணியில் துளசியின் பெயர் இருக்குமா என்பது இன்று அவர் எழுதப்போவதில் இருந்தது.

எடையைக் குறைத்துப் பதிந்தால் திரையில் வேகம் கூடும் என்பதால் முதலில் அவளை எடை பார்த்தார். சரியாக இருந்தது. எந்திரத்தைச் சோதித்தார். அதுவும் சரி.

“அப்பறம் என்ன சார் பிரச்சினை?”

“உன் இதயத் துடிப்பும்மா. திரையில உன் சைக்கிள் மலை ஏறுது, துடிப்பு ஏற மாட்டேங்குது. மிதிக்கிறது வேற ஆளு, கைப்பட்டைய மாட்டிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கிறது நீன்னு எதிர் டீம்ல புகார் கொடுத்திருக்காங்க.”

“வெளி ரோட்டுல ஓட்ட என்னை விடமாட்டாங்க சார். எனக்கு இருக்கிறது இந்தப் போட்டி ஒன்னுதான்.”

“யாரு விடமாட்டாங்க? வீட்டுக்காரரா?”

“அதுக்கு மொதல்ல ஒருத்தன் கட்டணும்லா,” என்று சிரித்தாள். யார் என்று சொல்லவில்லை.

“உள்ளே பார்க்கலாமா?”

“பாருங்க சார். தண்ணி டேங்கையும் திறந்து பாருங்க. ஆளு அதுல முங்கியிருந்தாலும் இருப்பான்.”

இரண்டு அறைகள், ஒரு சமையலறை. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. முன்கதவையும் பின்கதவையும் தாழிட்டுவிட்டு வந்தார்.

துடிப்பை அளக்கத் தான் கொண்டுவந்த பட்டையைத் தானே அவள் கையில் கட்டினார். அவருடைய கைபேசியில் எண் வந்தது. தொண்ணூற்றெட்டு.

“ம். ஓட்டு.”

துளசி மிதித்தாள். பிறகு இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். எந்திரம் அலறியது. தாடையிலிருந்து வியர்வை சொட்டியது.

தொண்ணூற்றெட்டு. ஒரு நிமிடம் கழித்துத் தொண்ணூற்றொன்பது.

“போதும்,” என்றார் சதாசிவம்.

அவள் கால்களை நிறுத்தி, கைப்பிடியின் மேல் சாய்ந்துகொண்டாள். சக்கரம் சுற்றி ஓய்ந்தது. வீடு அமைதியானது.

அப்போதுதான் எண் ஏறத் தொடங்கியது.

நூற்றுப் பத்து. நூற்று இருபத்தைந்து. துளசி இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நூற்று முப்பத்தாறு. அவள் அசையாமல் இருந்தாள். யாரோ தனியாக அந்த மலையை இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சதாசிவம் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிப் பார்த்தார். எண்பத்தெட்டு. பயந்துபோன ஒரு மனிதனுக்கு அது சரியான கணக்குதான். திரும்ப அவள் கையில் கட்டினார். நூற்று முப்பத்தெட்டு.

பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறார். எடையைக் குறைத்துக் காட்டியவர்கள், அண்ணனை ஓட்டவிட்டவர்கள், மோட்டாரை ஒளித்தவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறார். எல்லாப் பொய்யும் ஓர் ஆளிடம் போய் முடியும். இங்கே அந்த ஆள் இல்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

“மிதிச்சது நீதான்,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “என் கண்ணால பார்த்தேன். ஆனா இந்தத் துடிப்பு உன்னோடதுன்னு என்னால எழுத முடியாதும்மா.”

துளசி தண்ணீர்ப் பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள்.

“இந்த வீட்டுல உன்கூட யாரு இருக்கா?”

“சொன்னா என் பேரை எடுத்துருவீங்க சார். போன வருசம் வேற ஒரு போட்டியில பதிவு பாரத்துல உண்மைய எழுதினேன். வீட்டுல ஓய்வா இரும்மான்னு அனுப்பிட்டாங்க.”

“சொல்லலன்னாலும் எடுக்கத்தான் வேணும்.”

அவள் கைபேசியைப் பார்த்தாள். எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. நூற்று முப்பத்தேழு. நூற்று முப்பத்தாறு. அது மூச்சு வாங்கட்டும் என்பதுபோல் காத்திருந்தாள்.

“இன்னியோட மூணு வருசம் சார், செத்துப்போன ஒருத்தரோட இதயத்த எனக்கு வச்சு. நரம்பு சேரல, நான் ஓட்டுறதும் நிறுத்துறதும் அதுக்கு லேட்டாத்தான் தெரியும்.”