சிவப்பு குறைந்த நாடா

பல நாடுகள் கூடிப் பேசி, உலகத்தின் பட்டினியைப் பாதியாகக் குறைத்துவிட்டன. அதன்படி அங்கன்வாடிக்கும் புது நாடா வந்தது. பிள்ளையின் புஜத்தில் சுற்றினால், கை மெலிந்திருந்தால் சிவப்பு, தேறத் தேற மஞ்சள், பச்சை என்று காட்டும். சிவப்புக்கு மட்டும்தான் சத்துமாவு. போன மாதம் சிவப்பில் இருந்த இருளாயி மகனின் கை இன்று மஞ்சளில் நின்றது.

"தேறிட்டாம்மா," என்று சிரித்தார் அளந்த அதிகாரி.

"கை அதே கைதான் சார். நாடாவுலதான் சிவப்பக் கொறச்சிட்டீங்க."

"உலகம் பூரா இப்ப இதாம்மா அளவு. அடுத்த ஆள் வாங்க."

இருளாயி நகரவில்லை. நாடாவின் நுனியைப் பிடுங்கி இழுத்தாள். பிள்ளை வீறிட்டான். மஞ்சள் மறையும்வரை இழுத்தாள்.

"இந்தா, வந்துருச்சுல்ல சிவப்பு? மாவக் குடுங்க."

பிள்ளையின் விரல்கள் நீலம் பாரித்தன. அந்த நிறம் நாடாவில் இல்லை.