நூறு எண்ணும் வரை

போட்டியை முடிக்கும் சங்கு ஊத இன்னும் பதினொரு நிமிடம் என்று ஒலிபெருக்கி சொன்னது.

அஸ்தா தூண்டில் நூலைப் பனியில் போட்ட துளையிலிருந்து மேலே இழுத்தாள். நுனியில் விரல் நீளத்துக்கு ஓர் ஈய மீன். அதன்மேல் இருட்டில் ஒளிரும் பூச்சு. கொக்கியில் நிஜ மீன் ஒன்றின் சின்னத் தலை.

கைவிளக்கை ஈய மீனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினாள். பத்து வரை எண்ணினாள். அணைத்தாள். பிறகு ஈய மீனை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, நூறு வரை எண்ணத் தொடங்கினாள்.

"அண்ணி, இருக்கறதே பத்து நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷம் அதை அடைகாக்கிறீங்களே, குஞ்சு பொரிக்குமா?"

அடுத்த துளையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்த பால்மிதான் கேட்டான். அஸ்தாவுடைய கணவனின் தம்பி. காலையில் அவன் பிடித்த பிக்கரல் மீன் இருபத்தாறு அங்குலம். வின்னிபெக் ஏரியின் பனிமேல் போட்டிக்காகத் துளைத்த முந்நூறு துளைகளில் அதைத் தாண்டிய மீன் இதுவரை வரவில்லை.

அஸ்தா எண்ணிக்கொண்டே இருந்தாள். பேசினால் எண்ணிக்கை தவறிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் குடும்பம் முடிவு செய்திருந்தது. இனி அஸ்தா பனிமேல் போக வேண்டாம். கரையில் காபிக் கூடாரம் இருக்கிறது, அங்கே ஆள் பற்றவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எல்லோரையும்விட அன்பாகச் சொன்னவன் பால்மி.

அவள் தட்டிலிருந்த கேக்கை முழுக்கச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள். இந்தப் போட்டியில் பால்மியைவிடப் பெரிய மீனை நான் எடுக்காவிட்டால் உங்கள் இஷ்டப்படியே ஆகட்டும், ஆயுசுக்கும் காபி ஊற்றுகிறேன் என்றாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

காலையில் மேகமூட்டம். பால்மிக்கு மீன் கிடைத்தது அப்போதுதான். நண்பகலில் வெயில் வந்து அஸ்தாவின் இடது கன்னத்தைச் சுட்டது. அதற்குப் பிறகு இந்த வரிசையில் யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

பால்மியின் கைவிளக்கு டிக் என்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டிக்.

"ஒளியே ஏற மாட்டேங்குது, சனியன். பூச்சு போயிடுச்சு போல."

பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. பனி வெயிலைத் திருப்பியடிக்கும்போது கண்ணின் பாவை குண்டூசித் தலையாகச் சுருங்கிவிடும். அந்தக் கண்ணுக்கு எந்த ஒளியும் போதாது. இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று கேட்கும். ஆனால் பதினைந்தடிக்குக் கீழே, சேறு கலந்த நீரில், நண்பகலிலும் கும்மிருட்டு. அப்படி ஒளியேற்றிய ஈய மீன் அங்கே லாரியின் முன்விளக்கு.

"வருது அண்ணி. வராம இல்ல. பெட்டியில தெரியுது. கிட்ட வந்து நிக்குது, பாக்குது, அப்புறம் துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடுது."

அடியில் நடமாடும் மீனைக் கோடாகக் காட்டும் பெட்டி ஒன்று பால்மியிடம் இருந்தது. அஸ்தாவிடம் இல்லை. அவள் கேட்டதும் இல்லை.

தொண்ணூற்றொன்பது. நூறு.

ஒளி பாதிக்குமேல் வடிந்திருக்கும். நூலை விட்டாள். அவளே போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றாக விரலைத் தாண்டின. பத்தாவது முடிச்சில் நிறுத்தினாள். கையுறையைக் கழற்றி, வெறும் ஆள்காட்டி விரலில் நூலைப் படரவிட்டாள். விரல் சீக்கிரமே மரத்துப்போகும். அதற்குள் வர வேண்டும்.

தூக்கினாள். விட்டாள். காத்திருந்தாள்.

தூக்கினாள். விட்டாள்.

நூல் கனத்தது. இழுப்பு இல்லை, வெட்டு இல்லை. ஈரத்துணி ஒன்று வந்து ஒட்டியதுபோல ஒரு கனம், அவ்வளவுதான்.

அஸ்தா சுண்டினாள்.

கீழே ஏதோ விழித்துக்கொண்டு ஓடியது. நூல் விரலை அறுத்தது. விட்டுக்கொடுத்தாள், வாங்கினாள், மறுபடி விட்டுக்கொடுத்தாள். மூன்று நிமிடம் என்றது ஒலிபெருக்கி. பால்மியின் வாளி உருண்டது. அவன் பூட்ஸ் பனியை நொறுக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"விடாதீங்க அண்ணி. துளைக்கு நேரா வந்துடுச்சு. தள்ளுங்க, நான் எடுக்கறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

மண்டியிட்டு, முழங்கை வரை துளைக்குள் கையை விட்டாள். குளிர் எலும்பைக் கடித்தது. செவுள் அகப்பட்டது. பிடித்து ஒரே இழுப்பாகப் பனிமேல் போட்டாள்.

நடுவர் அளவுப் பலகையோடு ஓடி வந்தார். மீன் பலகையை இரண்டு முறை அறைந்தது.

"இருபத்தொன்பதேகால்," என்றார் நடுவர்.

சங்கு ஊதியது.

வரிசை முழுக்க வாளிகளைத் தட்டினார்கள். பால்மி சிரிப்பது கேட்டது.

"சரி, கரையில காபி ஊத்த நான் போறேன்."

"பாலை அளவா ஊத்து," என்றாள்.

மீனின் மூக்கிலிருந்து வால் வரை விரலை ஓட்டினாள். திரும்பவும் ஒருமுறை ஓட்டினாள். தாடையிலிருந்து ஈய மீனை விடுவித்து, கைவிளக்கை அதன்மேல் அழுத்திப் பத்து எண்ணினாள். இரு கைகளையும் குவித்து அதை உள்ளே இருட்டில் வைத்து, கட்டைவிரல்களுக்கு நடுவே சின்னச் சந்து விட்டாள்.

"பால்மி, இங்க வந்து எட்டிப் பாரு. எனக்குக் கண்ணு போனதுக்கப்புறம் வாங்கினது இது. மூணு வருஷமா கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். என்ன நிறத்துல ஒளி விடுது?"

அவன் குனிந்து அவள் கைகளோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். வெயிலில் கூசிய கண் பழகுவதற்குச் சற்று நேரம் ஆனது.

"பச்சை, அண்ணி."

"பச்சையா," என்று அவள் சிரித்தாள். "நான் நீலம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."