தினம் ஒரு படம்

இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்த சுமியே, கணவர் தெய்சோவிடம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"எங்கம்மா வீட்டு வெள்ளை அசகாவோ, காலைல பூக்கிற கொடி. இருக்கிறதே இந்த ஆறு விதைதான். நகவெட்டியால தோலை லேசா கீறிட்டு, ராத்திரி தண்ணில ஊறப் போட்டு நடுங்க. விட்டுட்டா அந்தக் கொடியே போச்சு."

"நாப்பது வருஷம் ரயில் ஓட்டினவன். ஆறு விதை நடத் தெரியாதா?"

பத்தாம் நாள் அவள் கைபேசிக்கு முளையின் படம் வந்தது. அதன்பின் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு படம். இலை, கொடி, மூங்கில் குச்சியில் ஏறிய சுற்று. செவிலியர்கள்கூடக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

ஜூலையில் சுமியே வீடு திரும்பியபோது கொடி நிறைய மொட்டு. தெய்சோ தலை குனிந்து நின்றார்.

"நாளைக்குப் பூக்கும். ஆனா வெள்ளையா இருக்காது. கீற மறந்துட்டேன், ஒண்ணும் முளைக்கல. இது கடையில வாங்கின நாத்து."

"முதல் படத்துலயே தெரிஞ்சுது. தண்டு சிவப்பா இருந்தது. வெள்ளைப் பூக் கொடிக்குத் தண்டு பச்சையா இருக்கும்."

"உங்கம்மா கொடி..."

"தையல் பெட்டியில இன்னும் ஆறு விதை இருக்கு. உங்களை எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல?"

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நீங்க எனக்கு ஒரு கடுதாசி போட்டதில்ல. சொல்லியிருந்தா, காலைல படம் வந்திருக்குமா?"