ராசியில்லாத பயணி

"இன்னிக்கும் பறக்காது சார். காத்து போடற போட்டைப் பாத்தீங்கல்ல?"

மைதானத்தில் உட்கார்ந்து பலூன் துணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். ஊரில் எல்லோருக்கும் அவள் பலூன்காரி. ராட்சத பலூனுக்குக் கீழே கூடையைக் கட்டி, ஆட்களை ஏற்றி, வானத்தில் ஒரு சுற்று காட்டி இறக்குவது அவள் தொழில். பலூன் எங்கே போய் இறங்கினாலும் ஜீப்பில் துரத்திக்கொண்டு போய் எல்லோரையும் அள்ளிக்கொண்டு வருவது அவளுடைய அண்ணனின் வேலை.

"அப்படியா?" என்றார் வந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுத் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "வாங்க ராசிக்காரரே! நேத்து ஒரு இலை ஆடல. எத்தனை பேர் ஜம்முனு பறந்துட்டுப் போனாங்க தெரியுமா? நீங்க காலடி வச்சீங்க, மைதானமே பறக்குது."

"அண்ணா, சும்மா இரேன்!"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? எல்லாரும் இன்னிக்குப் பறக்குமான்னு போன்ல கேட்டுட்டு வருவாங்க. இவர் மட்டும் நேரா வந்து நிப்பாரு."

அது நிஜம்தான். போன காற்றுக் காலத்தில் பறப்பதற்குச் சீட்டு வாங்கினார். வெயில் காலத்தில் வந்தார். விடிந்தும் விடியாததுமாக அனல்காற்று சுழற்றி அடித்தது. மழைக் காலத்தில் வந்தார். விடாத தூறல். பனிக் காலத்தில் வந்தபோது எதிரே நின்ற ஜீப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது மறுபடியும் காற்றுக் காலம், கேட்கவே வேண்டாம்.

ஆனால் ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். பேச்சு மதியம் வரை போகும். மற்ற பயணிகளிடம் 'கையை வெளியே நீட்டாதீங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பலூன்காரி, இவரிடம் மட்டும் சின்ன வயதில் மொட்டை மாடியிலிருந்து குடையோடு குதித்த கதை வரை சொல்லியிருக்கிறாள்.

"ஏங்க, எந்தக் காலத்துலதான் பறக்க நல்ல நாள்?" என்று கேட்டார் அவர்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாக் காலத்துலயும் இருக்கு சார். வெயில் காலத்துல, ராத்திரி ஒரு மழை பேஞ்சு ஓய்ஞ்ச விடிகாலை. மழைக் காலத்துல, ரெண்டு மழைக்கு நடுவுல வானம் கழுவி விட்டாப்ல ஒரு நாள் வரும் பாருங்க, அது. பனிக் காலத்துல, பல்லு கிடுகிடுங்கும், ஆனா மூடுபனி இருக்காது. அன்னிக்கு பலூன் சொன்ன பேச்சைக் கேக்கும். காத்துக் காலத்துல, காத்தே எழுந்திருக்க மறந்து தூங்கற நாள்."

"காத்துள்ளபோதே தூத்திக்கன்னு ஊருல சொல்லுவாங்க" என்றான் அண்ணன். "நம்ம பொழைப்புல காத்து இல்லாதப்பதான் தூத்திக்கணும்."

"அந்த மாதிரி நாள்ல ஒண்ணுலகூட நீங்க வரலையே சார்" என்றாள் பலூன்காரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் குரல் சிரிக்கவில்லை. சீட்டு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். இன்றோடு முடிகிறது. அதற்கப்புறம் இந்த மனிதருக்கு இந்தப் பக்கம் என்ன வேலை?

மெதுவாகக் கேட்டாள். "சீட்டை வேணா இன்னொரு வருஷத்துக்கு நீட்டிச்சுத் தரட்டுமா?"

"வேணாங்க" என்றார் அவர், பிடித்திருந்த துணியைப் பார்த்தபடி. "இந்தச் சீட்டு விவகாரத்தை இன்னிக்கோட முடிச்சுக்கலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் இவர் ஒரு சுற்று சுற்றத்தான் வந்தாரா? நான்தான் பைத்தியக்காரி மாதிரி என்னென்னவோ நினைத்துக்கொண்டேனா? அவள் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணா, சாயங்காலம் காத்து அடங்குமா? அடங்கினா இவரை இன்னிக்கே ஏத்திடலாம். குடுத்த வாக்கைக் காப்பாத்தின மாதிரி இருக்கும்."

"என்னைக் கேட்டா? வானிலை ஆபீஸ்லேர்ந்து உனக்கு தினம் செய்தி அனுப்புவாரே, அவரைக் கேளு."

அந்த ஆளோடு அவள் பேசியதே இல்லை. 'நாளை காலை காற்று குறைவு, பறக்கலாம்' என்றோ, 'மூடுபனி, வேண்டாம்' என்றோ முந்தின நாள் சாயங்காலம் போனில் செய்தி வரும். அவள் 'நன்றி' என்று பதில் போடுவாள். அவர்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான். இப்போது முதல்முறையாக அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

பக்கத்திலேயே எங்கோ மணி அடித்தது. அண்ணன் தன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

சத்தம் துணியின் மறுமுனையிலிருந்து வந்தது. ராசியில்லாத பயணி, காது வரை சிவந்துபோய், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தலையை நிமிர்த்தாமலேயே அதைக் காதில் வைத்தார்.

"சாயங்காலம் காத்து சுத்தமா அடங்கிடுங்க. பறக்கலாம், நானும் வரேன்" என்றார் போனுக்குள். "ஆனா பறக்கற நாள்ல உங்களுக்கு என்கிட்டப் பேச ஏதுங்க நேரம்? அதான் ஒரு வருஷமா, பறக்க முடியாத நாளாப் பாத்துப் பாத்து வந்தேன்."