உள்ளே இருக்கும் பிள்ளை

“உங்களுக்கு உள்ள யாரு, தம்பி?”

அறுவை அரங்குக்கு வெளியே காத்திருந்த அவள் கேட்டதும், எதிர் நாற்காலியில் இருந்த இளைஞன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். வந்ததிலிருந்து உட்காருவதும் எழுந்து கதவருகே போவதுமாக இருந்தான். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தான்.

“எப்படிச் சொல்றதுக்கா... பொறந்ததுல இருந்து நான்தான் பார்த்துக்கறேன்.”

தாயில்லாத குழந்தை போலிருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

அவளும் தைரியசாலி ஒன்றுமில்லை. உள்ளே இருந்தது அவள் கணவன், பஸ் டிரைவர். இதய வால்வில் கசிவு. மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. நெஞ்செலும்பைப் பிளந்து செய்தால் மாதக்கணக்கில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்றார்கள். ரோபோ என்றால் விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளைகள் போதும். டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி கையை அசைப்பார். இயந்திரக் கை உள்ளே அப்படியே அசையும்.

ஆனால் இந்த இயந்திரம் ஒரு மனிதரைத் தொடுவது இதுதான் முதல் தடவை. அதை அவர்கள் மறைக்கவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றார்கள். கணவன்தான், புது வண்டியை யாராவது ஒருத்தர் முதலில் ஓட்டித்தானே ஆகணும் என்று சொல்லிவிட்டான்.

அவள் இதையெல்லாம் சொல்லக் கேட்டதும் இளைஞனின் முகம் வெளிறிப்போனது.

“என்னை உள்ள நிக்கத்தான் சொன்னாங்கக்கா. என்னால முடியல, வெளிய வந்துட்டேன்.”

“நீங்க எதுக்குப் பயப்படறீங்க? எங்க வீட்டுக்காரருக்குச் செஞ்சதுல அதுக்குக் கை பழகிடும். உங்க பிள்ளைக்குச் சுலபமா முடிஞ்சுடும்” என்று தேற்றினாள். தேற்றும்போது தன் குரல் உடைவது அவளுக்கே கேட்டது.

கதவு திறந்தது. முகமூடியைக் கழற்றியபடி டாக்டர் வந்தார். வால்வு சரியாகிவிட்டது, கசிவு சுத்தமாக நின்றுவிட்டது, சாயங்காலம் போய்ப் பார்க்கலாம் என்றார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அந்த இளைஞன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டர், இந்தத் தம்பியோட பிள்ளையையும் சீக்கிரம் பாருங்க. பாவம், பயந்துபோய் ஒரு வாய் டீகூடக் குடிக்கல.”

டாக்டர் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

“அந்த ரோபோவை உருவாக்கினதே இவர்தாம்மா. இவரோட பிள்ளை கையாலதான் உங்க வீட்டுக்காரர் இதயத்தைத் தைச்சுட்டு வர்றேன்.”