வேலியில் இரண்டு கொடி

சுரைக்காய்ச் சட்டியைக் குழாயடியில் கவிழ்த்து அவசர அவசரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள் மருமகள். அந்த நேரம் பார்த்துத்தான் புருஷன் வேலை விட்டு வந்தான்.

“அம்மா உள்ள வாந்தி எடுத்துக் கெடக்கு. நீ இங்க சட்டி கழுவுறியா?”

“காய் விஷமா கசக்குதுங்க! ஒரு வாய் வெச்சதும் துப்பிட்டேன். அத்தை அதுக்குள்ள ஒரு தட்டு தின்னு முடிச்சிட்டாங்க. நீங்க வந்து எடுத்துப் போட்டுக்கக் கூடாதேன்னுதான்...”

வேலியில் இரண்டு சுரைக்கொடி. ஒன்று விதை போட்டது. மற்றது தானாய் முளைத்த பேய்ச்சுரை, தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். இலை, வெள்ளைப் பூ, காய் எல்லாம் ஒரே அச்சு. இரண்டும் பின்னிக் கிடந்தால் எது எதென்று எவனுக்கும் தெரியாது. நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

அது மாமியார் வேலை. அடுப்படியை அந்தம்மா யாருக்கும் விட்டதில்லை. கொஞ்ச நாளாகத்தான், “உப்பு பாரு” என்று மருமகளை அவ்வப்போது கூப்பிடுகிறது. பரவாயில்லை, நம்மையும் ஒரு ஆளாக மதிக்கிறார்கள் என்று இவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஆஸ்பத்திரியில் மாமியாருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. விஷம் என்று எழுதிப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் நேராக மருமகளிடம்தான் போனார். மாமியார் படுத்தால் வேறு யாரிடம் போவார்கள்?

“சமைச்சது யாரு?”

“அத்தைதாங்க. நான் பறிச்சுக் கொடுத்தேன். அவங்க கிள்ளி வாயில வெச்சுப் பாத்துட்டு, நல்ல காய்தான்னு சொன்னாங்க.”

“எங்கம்மா நாக்கு தப்பாது சார்,” என்றான் புருஷன். முகம் வெளுத்திருந்தது. “ஒரு கல்லு உப்பு கூடினாலும் சொல்லிடும். நல்ல காய்னு சொன்னா அது நல்ல காய்தான்.”

“அப்ப சட்டியில எதக் கலந்த?” போலீஸ்காரர் அவள் பக்கம் திரும்பினார். “கழுவி வேற வெச்சிருக்க!”

அவள் புருஷன் கையைப் பிடித்தாள். “என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்! கட்டின நாள்லேருந்து என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

அவன் தரையைப் பார்த்தான்.

“வண்டியில ஏறு” என்றார் போலீஸ்காரர். கூட வந்த பெண் போலீஸ் அவள் தோளில் கை வைத்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

“அவளை விடுங்க...”

கட்டிலில் கிடந்த மாமியார் கண்ணைத் திறந்திருந்தது. மூச்சு வாங்கியது. “சொன்னா அடுப்படியப் பிடுங்கிக்குவீங்கன்னு மறைச்சேன்.”

“எதம்மா மறைச்ச?” என்றான் மகன்.

“மூணு மாசமா எனக்கு எந்த ருசியும் தெரியலடா.”